பழ ஈயின் கடிகாரத்தைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டிப்பழக் குலையை மூலையில் தொங்கவிட்டால், கனிந்ததும் பழ ஈ மொய்த்துவிடும். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் விலங்கியல் புராஜெக்டுக்கு அதைப் பிடித்துப் புட்டியில் போடுவதற்குக் காரணம், செலவு கிடையாது என்பதுதான். பூச்சி மூளைக்குள் நாளின் நேரத்தைக் கணக்கு வைக்கும் கடிகாரம் இருப்பதை இந்த ஈயை வைத்தே காட்டலாம். சிக்கல் என்னவென்றால், முக்கால்வாசிப் பேர் கடிகாரத்தைக் காட்டுவதாக நினைத்து வெளிச்சத்தைக் காட்டிவிட்டு வருகிறார்கள்.

ஜன்னலோரம் புட்டியை வைத்து, காலையிலும் அந்தியிலும் ஈ சுறுசுறுப்பாக இருக்கிறது, மத்தியானம் ஒடுங்குகிறது என்று அட்டவணை போடுவார்கள். அவர்கள் பார்த்தது சரிதான். அதற்குக் காரணம் வெயிலா, ஈயின் உள்ளே ஓடும் ஏதோ ஒன்றா என்பது அந்த அட்டவணையில் தெரியாது. விளக்கை அடியோடு அணைத்த பிறகும் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தால்தான் கடிகாரம் என்று சொல்லலாம். 1971-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் மரபணு மாறிய மூன்று வகைப் பிறழ்வு ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்குத் தாளமே இல்லை. மூன்றிலும் கோளாறு ஒரே மரபணுவில். அதற்குப் பெயர் பீரியட். வெளியே பகலும் இரவும் மாறிக்கொண்டே இருந்திருந்தால், வெளிச்சம் 19-ஐயும் 28-ஐயும் 24-க்கே இழுத்துப் பிடித்திருக்கும். நாளின் நீளம் மாறியதே தெரிந்திருக்காது.

சரி, இருட்டறைக்குப் போகிறோம். அங்கே காத்திருக்கும் முதல் எதிரி செல்போன் டார்ச். இருட்டில் ஈயை எண்ணப் போய் டார்ச்சை அடித்தால் கதை முடிந்தது. இரவின் முற்பகுதியில் சில நிமிட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். விடியலுக்கு முன்பென்றால் முன்னுக்கு நகர்த்தும். ஈயின் மூளையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் நீல ஒளியை வாங்கி இந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஆய்வகங்களில் மங்கிய சிவப்பு விளக்கு. "இருட்டு வேண்டாம், டியூப்லைட்டை இராப்பகலாக எரியவிடுவோம்" என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. விடாத வெளிச்சத்தில் ஈயின் தாளமே குலைந்துபோகும்.

இரண்டாவது எதிரியைப் பலரும் கவனிப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் கறுப்புத் துணி சுற்றிய பெட்டி இருட்டாகத்தான் இருக்கும். மத்தியானம் கொதிக்கும், விடியலில் குளிரும். தினசரி சில டிகிரி ஏறி இறங்கினாலே ஈயின் கடிகாரம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். இதை இன்னொன்றோடு குழப்பிக்கொள்வார்கள்: உயிரியலாளர் காலின் பிட்டென்ட்ரி 1954-ல் காட்டியபடி, ஒரே சீரான சூட்டிலும் ஒரே சீரான குளிரிலும் கடிகாரத்தின் வேகம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. சூடு சீராக இருந்தால் வேகம் மாறாது, ஏறி இறங்கினால் முள் நகரும். இரண்டும் வேறு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களை ஆராயக் குகையைத் தேடிப் போனதன் அருமை இங்கேதான் புரிகிறது. உள்ளே இருட்டும் வெப்பமும் நாள் முழுக்க ஒரே மாதிரி. நமக்குக் குகை வேண்டாம். தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறையும், பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

ஒரே ஒரு ஈயை ஒரே ஒரு நாள் பார்த்து வரைபடம் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஈயின் மூளை முழுவதுமே கடிகாரம் என்று எழுதுவதும் தப்பு. 2024-ல் வெளியான முழு மூளை வரைபடத்தில் 1,39,255 நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் கடிகார அணுக்கள் சில நூறுக்குள் அடங்கும். மூளைக்கு வெளியேயும் கடிகாரங்கள் உண்டு. மோனார்க் வண்ணத்துப்பூச்சி சூரியனைப் பார்த்துத் திசை அறியப் பயன்படுத்தும் கடிகாரம் அதன் உணர்கொம்பில் இருக்கிறது.

நம்மூரில் வீட்டுக்கு வீடு தேன் பெட்டி இருப்பதால், ஈக்குச் சொன்னதை அப்படியே தேனீக்கும் ஒட்டிவிடுவார்கள். ஈயிடம் உள்ள வகைக் கிரிப்டோகுரோம் தேனீயிடம் கிடையாது. அதோடு, புழுவுக்கு ஊட்டும் இளம் தேனீ இரவு பகல் பாராமல் வேலை செய்யும், தாளமே தெரியாது. அதே தேனீயைப் புழு அடையிலிருந்து பிரித்து வைத்தால் தாளம் வந்துவிடும்.

மழைக்காலத்தில் பெட்டிக்காரர் தினமும் ஒரே நேரத்துக்குச் சர்க்கரைப் பாகு வைத்தால், அந்த நேரத்துக்குத் தேனீ தட்டைத் தேடி வரும். இதை நேர ஞாபகத்துக்குச் சாட்சியாகக் காட்ட வேண்டுமானால், ஒரு நாள் வெறும் தட்டை, கழுவித் துடைத்து, வைத்துவிட்டு எண்ண வேண்டும். இல்லாவிட்டால் வாசனை பிடித்து வந்தது என்பார்கள். வெயிலின் சாய்வைப் பார்த்து வந்திருக்கலாமே என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும். 1955-ல் ஜெர்மன் ஆய்வாளர் மாக்ஸ் ரென்னர் அதற்காகவே, பாரிஸில் மூடிய அறைக்குள் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கேயும் மூடிய அறைதான். அவை பாரிஸ் நேரப்படியே தட்டுக்கு வந்தன.