முதலில் பூவாளியைக் கீழே வையுங்கள்: ஐஸ் பிளான்ட் குடும்பச் செடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஜோடி தடித்த இலைகளே உடம்பாக இருக்கும் குட்டிச் செடி லித்தாப்ஸ். அது காய்ந்து செத்தது என்று யாராவது சொல்லிக் கேட்பது அபூர்வம். அழுகிப் போச்சு என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும். தென்னாப்பிரிக்காவின் கல்தரையில், மாதக்கணக்கில் மழையே பார்க்காமல் உயிரோடு இருக்கும் செடி அது. 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் பிரீஸ்கா ஊருக்கு அருகே விநோதமான கூழாங்கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது. அப்படிப்பட்ட ஒன்றைக் கொல்ல நமக்கு வாரம் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

லித்தாப்ஸ் தனி ஆள் இல்லை. ஐசோயேசியே என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஐஸ் பிளான்ட் குடும்பம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுமார் 1,800 இனங்கள், பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும். இதில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் கடந்த 38 முதல் 87 லட்சம் ஆண்டுகளுக்குள் பிரிந்து பெருகியவை என்று 2004இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தாவர உலகத்தில் இது அசுர வேகம். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒவ்வொரு கல்மேட்டுக்கும் தனித்தனி இனம் என்று சொல்லும் அளவுக்குப் பிரிந்து கிடக்கிறது.

அதனால்தான், ‘சக்குலன்ட்’ (சதைப்பற்றுள்ள செடி) என்று ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விடுவதைப் பெரிய தவறு என்கிறேன். இந்தக் குடும்பத்தில் ஒரு செடி வாங்கினால் முதலில் கேட்க வேண்டியது, இதன் சொந்த ஊரில் மழை எப்போது பெய்யும் என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் நமக்வாலாந்து போன்ற மேற்குப் பகுதிகளில் குளிர்காலத்தில்தான் மழை. உள்நாட்டுப் பகுதிகளில் கோடையில். இதே குடும்பத்தின் இன்னொரு குட்டிச் செடியான கோனோஃபைட்டம் பெரும்பாலும் குளிர்கால ஆள், லித்தாப்ஸ் பெரும்பாலும் கோடை மழைக்காரர். ஆனால் லித்தாப்ஸுக்குள்ளேயே, நமீபியக் கடற்கரைப் பக்கம் வளரும் ஆப்டிகா என்ற இனம் குளிர்கால ஈரத்தையும் கடல் மூடுபனியையும் நம்பி வாழ்கிறது. பெயரை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது.

லித்தாப்ஸ் விஷயத்தில் எந்த மாதம் என்பதை விட, செடி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பூத்து முடிந்ததும் பழைய இலை ஜோடிக்குள் புது ஜோடி உருவாகத் தொடங்கும். பழைய இலைகளில் இருக்கும் நீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் அது வளரும். பழையது சுருங்கி, சருகாகி, தாள் மாதிரி ஆகிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்து, “ஐயோ, வாடுதே” என்று தண்ணீர் விடுவதுதான் கொலைக்குச் சமம். வேர் வழியாகத் தண்ணீர் கிடைத்தால் பழைய இலைகள் வற்றவே வற்றாது. புதியது வெளியே வர, பழையது இறுக்கிப் பிடிக்க, செடி அடுக்கடுக்காக உப்பி, அழகும் போய் ஆயுளும் போய்விடும். பழைய ஜோடி முழுக்கச் சருகான பிறகே பூவாளியைத் தொடுங்கள். அதற்குப் பிறகும் இலையின் பக்கங்களில் மெல்லிய சுருக்கம் தெரியட்டும், அப்போது நன்றாக நனைய விடுங்கள், அப்புறம் மறந்துவிடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது எந்த வகையிலும் உதவாது.

பழைய சருகை விரலால் உரித்து எடுக்கவும் கூடாது. கோனோஃபைட்டம் இன்னும் மோசமாக ஏமாற்றும். கோடையில் அது பூண்டுத் தோல் போன்ற உறைக்குள் முழுதாக மறைந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியோடு குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். உறையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருந்தால் தூங்குகிறது என்று அர்த்தம். குளிர் தொடங்கும்போது தானே கிழித்துக்கொண்டு வரும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்ப்பவர்கள் வெயிலைக் கண்டு பயப்படுகிறார்கள். என் கணிப்பில் உண்மையான எதிரி இரவுப் புழுக்கம். இந்தச் செடிகளில் பல, நீர் வீணாகாமல் இருக்க இலைத்துளைகளைப் பகலில் மூடி, குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்பவை. அவற்றின் ஊரில் பகல் கொதித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். சென்னையின் மே மாத இரவில் அதற்கு வழியில்லை. செடி கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்யும் அந்த நேரத்தில் வேரில் ஈரம் நின்றால் அழுகல் நிச்சயம். மழைக்கணக்கையும் பாருங்கள்: இவை வாழும், தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியின் பல இடங்களில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் கூடக் கிடைப்பதில்லை. சென்னைக்கு ஏறத்தாழ 1,400. ஐப்பசியில் மொட்டை மாடியில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒளி புகும் கூரை, நான்கு பக்கமும் காற்று, இரண்டும் வேண்டும்.

மண் விஷயம் சுருக்கமானது. நர்சரியிலிருந்து வரும் தென்னை நார்க்கழிவை முழுக்க உதறிவிடுங்கள். கழுவிய பருமணல், பொடி ஜல்லி, உடைத்த செங்கல், கிடைத்தால் பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல். இவைதான் பெரும்பங்கு, மக்கிய உரம் ஒரு கைப்பிடி. லித்தாப்ஸுக்கு நீளமான ஆணிவேர் உண்டு, ஆகவே அழகுக்காக விற்கும் தட்டைக் கிண்ணம் வேண்டாம். இயற்கையில் அது மண்ணோடு மட்டமாகப் புதைந்திருக்கும், மேல்பரப்பில் உள்ள ஒளிபுகும் சன்னல் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். படத்தைப் பார்த்து நாமும் கழுத்து வரை புதைத்தால் நம் ஊர் ஈரத்தில் தாங்காது. உடல் மேலே இருக்கட்டும், சுற்றிலும் சிறுகற்கள் போடுங்கள். வெளிச்சம் குறைந்தால் செடி நீண்டு கோணலாகும். நிழலில் இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் வெந்துபோகும். படிப்படியாக நகர்த்துங்கள்.

பூ விஷயத்துக்கு வருவோம். சாமந்தி வகை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். சாமந்தியில் நாம் ஒரு பூ என்று பார்ப்பது நூற்றுக்கணக்கான குறும்பூக்களின் கூட்டம். இங்கே ஒன்று என்றால் ஒன்றுதான். பளபளக்கும் அந்த ‘இதழ்கள்’ உருமாறிய மகரந்தத் தாள்கள். அந்த இளஞ்சிவப்பைத் தரும் நிறமி, பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கும் அதே வகை. பெரும்பாலான இனங்கள் வெயில் வந்தால்தான் விரியும், லித்தாப்ஸ் மதியத்துக்கு மேல்தான். காலையில் எட்டிப் பார்த்துவிட்டு “பூக்கவே இல்லை” என்று குறை சொல்லாதீர்கள். பத்துமணிப் பூவை ஐஸ் பிளான்ட் என்று விற்பதும் உண்டு. அது வேறு குடும்பம்.

பூ உதிர்ந்தபின் நிற்கும் காய்ந்த காயைக் கிள்ளி எறிவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மூடிகள் நட்சத்திரம் போல விரியும். காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். மழை வந்தால் மட்டும் விதையை வெளியே விடவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விழும் மழைத்துளியே விதையைத் தெறித்துத் தூரமாக அனுப்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. லித்தாப்ஸில் விதை வேண்டுமானால் ஒரே செடியை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். தன் மகரந்தம் தனக்கு உதவாது, ஒரே நேரத்தில் பூக்கும் இரண்டு செடிகள் தேவை.

விதை வாங்கும்போது நீலம், வானவில் நிற லித்தாப்ஸ் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாம்பல், பழுப்பு, பச்சை, செம்மை, ஊதா கலந்த சிவப்பு எல்லாம் உண்டு, மயில்கழுத்து நீலம் கிடையாது. செடியாக வாங்கினால், பல தலைகளுடன், வெயிலில் அடிபட்டு, பல வருடச் சருகு ஒட்டியிருக்கும் கோனோஃபைட்டம் மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். 2019க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் இவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கிக் கடத்துவது பெருகி, லட்சக்கணக்கான செடிகள் பிடிபட்டிருக்கின்றன. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வளர்பவை. ஒரு கூட்டம் வந்து ஒரு நாள் பறித்தால் அந்த இனமே இல்லை. விதையிலிருந்து வளர்த்தவர்களிடம் வாங்குங்கள்.

நேர்மாறான ஆபத்தும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. தரையில் படரும் கார்போப்ரோட்டஸ் எடுலிஸ் என்ற செடியை மண் அரிப்பைத் தடுக்கும் என்று நம்பிக் கலிபோர்னியாவில் ரயில் பாதை ஓரத்திலும் பிறகு நெடுஞ்சாலை ஓரத்திலும் நட்டார்கள். அது மணல்மேடுகளையே மூடி, உள்ளூர்ச் செடிகளை நெரித்துவிட்டது. நீர் நிரம்பிய இலைகளின் பாரத்தால் சரிவுகள் சரிந்ததும் உண்டு. ஒடித்த துண்டு மண்ணில் பட்டால் வேர் விடும். வெட்டிய கழிவைக் கடற்கரைப் பக்கம் கொட்டாதீர்கள். அதன் பழம் உண்ணக்கூடியது, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஜாம் போடுகிறார்கள். அதற்காகக் குடும்பத்தில் எதையும் கடித்துப் பார்க்கலாம் என்று இல்லை. இதே குடும்பத்தின் ஸ்கெலிட்டியம் மனநிலையையே மாற்றும் செடி.

இது முழுக்க அயல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பதும் தவறு. நம் வயல்களில் களையாக முளைக்கும் சாரணை இதே குடும்பம்தான். அப்புறம், முதல் செடியாக லித்தாப்ஸை வாங்க வேண்டாம். நர்சரிகளில் பேபி சன் ரோஸ் என்று விற்கும் செடியும் இந்தக் குடும்பமே: சின்ன இலை, சிவப்புப் பூ, தொங்கும் தொட்டியில் அழகாக வழியும். ஒரு தண்டை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், சமவெளி வெக்கையையும் பொறுக்கும். அதை ஒரு மழைக்காலம் அழுகாமல் தாண்ட வைத்தபிறகு இதே குடும்பத்தின் ஃபாக்கேரியாவுக்குப் போங்கள், அதற்குப் பிறகு லித்தாப்ஸ்.