மொபைல் பணம்: போனைப் பார்த்துக் கடையை மறக்கிறோம்

வங்கிக் கணக்கு இல்லாமலே போன் வழியாகப் பணம் போட, அனுப்ப, எடுக்க உதவும் மொபைல் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான். 2007 மார்ச்சில் கென்யாவில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவைக்கு ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை; சாதாரண பட்டன் போன் போதும். அதைத் தாங்கியது தெருமுனைக் கடையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட்.

அவருடைய கல்லாவைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தன் கைமுதலில் ஒரு பங்கை ரொக்கமாகவும் மறுபங்கைப் போனில் மின்பணமாகவும் வைத்திருப்பார். பணம் போட வருகிறவரிடம் ரொக்கத்தை வாங்கி மின்பணம் தருவார். எடுக்க வருகிறவருக்கு அப்படியே தலைகீழ். நகரத்தில் சம்பாதிக்கிறவர்கள் ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம் என்பதால், நகரத்துக் கடையில் மின்பணம் தீரும், கிராமத்துக் கடையில் ரொக்கம் தீரும். தீர்ந்தால் கடையைப் பூட்டிவிட்டு வங்கி உள்ள ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். போக்குவரத்துச் செலவு, அதற்குள் கைவிட்டுப் போன வியாபாரம், வழியில் திருட்டுப் பயம் எல்லாம் அவர் தலையில். கமிஷன் இதற்கு ஈடுகொடுக்காவிட்டால் அந்தக் கைமுதலில் சோப்பும் சர்க்கரையும் வாங்கி அடுக்கிவிடுவார். நியாயம்தானே?

அதனால் கமிஷனைக் கிள்ளி லாபம் பார்ப்பது தவறு. வாடிக்கையாளர் கூடுவதற்கு முன்பே ஏஜென்டுகளைக் குவிப்பதும் தவறுதான்: இருக்கிற கூட்டம் பத்துக் கடைக்குப் பிரிந்தால் ஒருவருக்கும் கட்டுப்படியாகாது.

சரி, நிறுவனம் எங்கே சம்பாதிக்கிறது? வங்கியைப் போல மக்கள் பணத்தைக் கடன் கொடுத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எம்-பெசாவில் மக்கள் போட்ட பணம் வங்கியில் தனி அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறது. நிறுவனம் அதைத் தொட முடியாது. வருமானம் கட்டணத்தில்தான். அதோடு, பணம் இருக்கும் சிம்மை யாரும் எளிதில் மாற்ற மாட்டார்கள். ரீசார்ஜும் போனிலேயே நடப்பதால் விற்பனையாளர் கமிஷனும் மிச்சம். கணக்கில் எளிதில் விடுபட்டுப் போவது இந்த இரண்டும்தான்.

கென்யாவில் ஓடியது எங்கும் ஓடும் என்பது இன்னொரு நினைப்பு. தென்னாப்பிரிக்காவில் வோடாகாம் என்ற செல்போன் நிறுவனம் 2010இல் எம்-பெசாவைத் தொடங்கி 2016இல் மூடியது. அங்கே நிறையப் பேரிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது, ஏடிஎம்மும் இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்களையும் வாடிக்கையாளராக எண்ணிக்கொண்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

அரசுகள் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் பணம் என்பதற்காக உடனே வரி போடுவது. உகாண்டா 2018 ஜூலையில் போடுவது, எடுப்பது, அனுப்புவது எல்லாவற்றுக்கும் 1 சதவீத வரி வைத்தது. எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டிலேயே எடுப்பதற்கு மட்டும் 0.5 சதவீதம் என்று இறங்கி வந்தது. கானா 2022இல் 1.5 சதவீதத்தில் தொடங்கி, 1 ஆகக் குறைத்து, 2025இல் வரியையே நீக்கிவிட்டது.