கேக் ஒட்டாமலிருக்க வீட்டிலேயே ஒரு பூச்சு

கேழ்வரகு மாவும் கடலை எண்ணெயும் தீராத கிருஷ்ணகிரி வீடுகளில், கேக் ஒட்டாமலிருக்க விலை கொடுத்து ஸ்பிரே வாங்க வேண்டியதில்லை. எண்ணெய், நெய், மாவு மூன்றிலும் 2 தேக்கரண்டி எடுத்துக் குழைத்து, தட்டின் மூலைகளும் பக்கங்களும் விடுபடாதபடி மெல்லியதாகத் தடவுங்கள். மிஞ்சியதை மூடிய புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த முறைக்கும் உதவும். வெண்ணெயை மட்டும் தடவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதிலுள்ள நீரும் பாலின் திடப்பொருளும் கேக்கைத் தட்டோடு பிடித்துக்கொள்ளச் செய்யும். கேழ்வரகு மாவு நிறம் காட்டும் என்பதால், வெளிர்நிறக் கேக்குக்கு மைதாவே பொருத்தம். மாம்பழக் கூழ் சேர்த்த கேக் சர்க்கரை மிகுந்தது. அதற்கு மட்டும் அடியில் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். செய்தித்தாள் கூடவே கூடாது, அச்சு மை உணவில் இறங்கும். வெந்தபின் 10 நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தைக் கத்தியால் விடுவித்துக் கவிழ்க்க வேண்டும்.