ஸ்கானுக்குத் தண்ணீர் குடிக்கும் கணக்கு

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எனக்கு அடிவயிற்று அல்ட்ராசவுண்ட் எழுதித் தந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. கிளினிக்கில் போய் உட்கார்ந்த பிறகே போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். உள்ளே கூப்பிட்டுப் பார்த்தால் சலப்பை (சிறுநீர்ப்பை) நிரம்பவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைய வேலை போச்சு.

குடித்த தண்ணீர் சிறுநீரகம் வழியாகச் சலப்பைக்கு வந்து சேர நேரம் வேண்டும். அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். பத்தரைக்கு ஸ்கான் என்றால், ஒன்பது மணிக்கு ஒருதரம் சலம் போய்விட்டுக் குடிக்கத் தொடங்கி, ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். பிறகு ஸ்கான் முடியும்வரை அடக்கத்தான் வேண்டும். வழக்கமாகச் சொல்லும் அளவு 32 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1 லீற்றர். 500 மில்லி போத்தல் இரண்டு. வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையால் அளக்காதீர்கள். டொக்டர் தந்த துண்டில் வேறு அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். சிறுநீரக வருத்தமோ இதய வருத்தமோ இருந்து, தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் முதலே கேளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? அல்ட்ராசவுண்ட் ஒலி அலையால்தான் படம் எடுக்கும். அந்த அலை காற்றுக்குள்ளால் சரியாகப் போகாது, குடலிலோ வாயு. நிரம்பிய சலப்பை குடலை ஒதுக்கிவிட்டு, கருப்பையையும் சூலகங்களையும் பார்க்க ஒரு யன்னல் போல நிற்கும். சோடா வேண்டாம், அது வாயுவைத்தான் கூட்டும்.

பித்தப்பை, ஈரல் பார்க்கும் மேல்வயிற்று ஸ்கானுக்குச் சாப்பிடாமல் போகவேண்டும். அடிவயிற்றுக்கு மட்டும் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். துண்டில் இரண்டும் இருந்தால் கிளினிக்குக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

பஸ்ஸில் வருபவர்கள் பாவம்தான், ஒவ்வொரு குலுக்கலும் தெரியும். தாங்கமுடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கொஞ்சம் மட்டும் சலம் போய்விட்டு வரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்துவது எவ்வளவு பாடு என்பது அப்போது விளங்கும்!

சிலவேளை பெண்ணுறுப்பு வழியாகவும் ஸ்கான் செய்யக் கேட்பார்கள். அதற்குச் சலப்பையைக் காலியாக்கச் சொல்வார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். கலியாணமாகாத பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். பெண் பணியாளர்தான் வேண்டும் என்றால் பதியும்போதே கேளுங்கள். ஹெல்த் கார்டை மறக்காதீர்கள்.

ஸ்கான் எடுப்பவர் முடிவு சொல்லமாட்டார். அவர் பேசாமல் இருக்கிறாரே என்று பயப்படவேண்டாம். ஸ்கான் படங்களைப் படிக்கும் டொக்டரான ரேடியாலஜிஸ்ட் பார்த்து எழுதும் அறிக்கை உங்கள் டொக்டருக்குத்தான் போகும்.