பொகோட்டாவின் பொட்டேரோ அருங்காட்சியகம்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், லா கண்டெலாரியா என்னும் பழைய நகரப் பகுதியில், ஸ்பானியக் குடியேற்றக் காலப் பாணியில் அமைந்த இரண்டடுக்கு மாளிகை ஒன்று ஓவிய அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டவருக்கும் கிடையாது. ஆனாலும் அங்கு செல்பவர்களில் பலர், கட்டணம் செலுத்தி வந்தவர்களைப் போலவே எல்லா அறைகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட முயல்கிறார்கள். இலவசம் என்பதன் உண்மையான பயன் பணம் மிச்சமாவது அன்று. சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு மறுநாள் வரலாம் என்ற சுதந்திரமே அது. கீழே உள்ள படிகள் அந்தச் சுதந்திரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

படி 1: யாருடைய கொடை என்பதை அறிந்து செல்லுங்கள்

1932-இல் மெதெயின் நகரில் பிறந்து 2023-இல் மறைந்த பெர்னாண்டோ பொட்டேரோ, கொலம்பியாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியர், சிற்பி. அவர் 2000-ஆம் ஆண்டில் 208 படைப்புகளை நாட்டின் மத்திய வங்கியான பாங்கோ தெ லா ரெப்பூப்ளிக்காவுக்குக் கொடையாக அளித்தார். அவற்றுள் 123 அவரே படைத்தவை; மற்ற 85 பிக்காசோ, மோனே, ரெனுவார், ஷகால், டாலி, மிரோ, பிரான்சிஸ் பேக்கன் முதலிய பிற நாட்டுக் கலைஞர்களுடையவை; பொட்டேரோ தமக்காகச் சேர்த்து வைத்திருந்தவை. மக்கள் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. எந்தச் சுவரில் எது இருக்க வேண்டும் என்பதையும் அவரே முன்னின்று அமைத்தார். ஆகவே நீங்கள் பார்க்கப்போவது ஓவியங்களை மட்டுமல்ல, ஓர் ஓவியர் யாரையெல்லாம் விரும்பிப் பார்த்தார் என்பதையும்தான். இதை அறிந்து செல்பவருக்கு மோனேயின் ஓவியம் இருக்கும் அறையும் பொட்டேரோவைப் பற்றிய அறையாகவே தோன்றும்.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறை நாட்களிலும் மற்ற நாட்களைவிட முன்னதாகவே மூடிவிடுவார்கள். நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் வங்கியின் பண்பாட்டுப் பிரிவு இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வார நாளில் திறந்தவுடன் சென்றுவிட்டால் கூட்டம் குறைவாக இருக்கும்.

பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். விமானத்தில் வந்து இறங்கிய முதல் நாளில் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். எனவே முதல் நாளை ஓய்வுக்கு விட்டுவிட்டு இரண்டாம் நாளில் செல்லுங்கள். ஆண்டு முழுவதும் குளிராகவே இருக்கும். மழை எதிர்பாராமல் வரும். மெல்லிய கம்பளிச் சட்டையும் குடையும் கட்டாயம் தேவை.

படி 3: முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முகவரி: காயே 11, எண் 4-41. பொகோட்டாவில் காயே எனப்படும் தெருக்கள் கிழக்கு மேற்காகவும், கர்ரேரா எனப்படும் தெருக்கள் வடக்கு தெற்காகவும் ஓடுகின்றன. கர்ரேராக்களின் எண்கள் கிழக்கு மலையிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கூடும். எனவே மேற்கண்ட முகவரி, 11-ஆம் காயேயில், 4-ஆம் கர்ரேராவின் மூலையிலிருந்து ஏறத்தாழ 41 மீட்டர் தொலைவு என்பதைக் குறிக்கிறது. இந்த முறை பிடிபட்டுவிட்டால் பழைய நகரம் முழுவதிலும் வரைபடம் இல்லாமலே நடக்கலாம்.

பொலிவார் சதுக்கத்தில் பேராலயத்தின் பக்கவாட்டில் தொடங்கி, 11-ஆம் காயேயில் மலையை நோக்கி மேலேறுங்கள். கட்டட வல்லுநர் ரோஹேலியோ சல்மோனா வடிவமைத்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பண்பாட்டு மையம் வழியில் வரும்; அதைக் கடந்து 5-ஆம் கர்ரேராவைத் தாண்டினால் அருங்காட்சியகத்தின் வாயில். எதிர்ப்புறத்தில் இருப்பது லூயிஸ் ஆங்கெல் அராங்கோ நூலகம். பகலிலேயே செல்லுங்கள், இருட்டிய பின் இப்பகுதியின் ஆளில்லாத தெருக்களில் தனியாக நடப்பதைத் தவிருங்கள். நடக்கும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 4: ஓவியத்துக்கு முன் வீட்டைப் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் பொட்டேரோவின் பெரிய வெண்கலக் கை கண்ணில் படும். அனைவரும் அதனருகில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நேராக அறைகளுக்குள் போகாமல், முற்றத்தின் ஓரத்தில் சற்று நேரம் நில்லுங்கள். நடுவில் நீரூற்றும் செடிகளும், சுற்றிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும், மேல்தளத்தில் அதே போன்ற நடைவழியும் இருக்கின்றன. ஸ்பானியர் ஆட்சிக்கால வீடுகள் தெருவுக்குத் தடித்த, அலங்காரம் குறைந்த சுவரையே காட்டின. வெளிச்சமும் காற்றும் வாழ்க்கையும் உள்முற்றத்தைச் சார்ந்திருந்தன. 1955 வரை பொகோட்டாப் பேராயரின் இல்லமாக இருந்த இந்த மாளிகையில், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக மீண்டும் மீண்டும் தாழ்வாரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. கண் சோர்ந்துபோகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. சன்னல்களில்லாத நவீனக் கூடங்களில் களைத்துப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

படி 5: ஐந்து படைப்புகளை மட்டும் நின்று பாருங்கள்

இதுவே முக்கியமான படி. எல்லா அறைகளையும் ஒரு சுற்று மெதுவாக நடந்து பாருங்கள். எங்கும் நிற்க வேண்டாம். பிறகு உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்த ஐந்திடம் மட்டும் செல்லுங்கள். அவற்றுள் 1978-இல் பொட்டேரோ வரைந்த மோனாலிசா ஒன்றாக இருக்கட்டும்.

பொட்டேரோ குண்டான மனிதர்களை வரைந்தவர் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவர் அதை ஏற்றுக்கொண்டதில்லை. தாம் வரைவது பருமனைத்தான், அதாவது ஓர் உருவம் இடத்தை அடைத்து நிற்கும் கன அளவைத்தான், உடற்கொழுப்பை அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. மனிதர் மட்டுமல்லாமல் குதிரை, பழம், கிட்டார் எல்லாமே அவரிடம் அப்படித்தான் திரண்டு நிற்கின்றன. 1956-இல் மெக்சிகோ நகரில் ஒரு மாண்டலின் கருவியை வரைந்தபோது, அதன் நடுத்துளையை இருக்க வேண்டிய அளவைவிட மிகச் சிறிதாக வரைந்தார். உடனே கருவி மாபெரும் உருவமாகத் தெரிந்தது. அவருடைய கலை முழுவதற்கும் சாவி அந்தச் சிறிய துளைதான்.

ஆகவே மோனாலிசாவின் முன் நின்று, முதலில் மிகச் சிறியவற்றைத் தேடுங்கள். சட்டத்தை நிரப்பும் அந்த முகத்தில் கண்ணும் வாயும் எவ்வளவு சிறு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்று பாருங்கள். முகத்தின் பருமன் அந்தச் சிறுமையிலிருந்தே பிறப்பது விளங்கும். அடுத்து நிழலைத் தேடுங்கள். கரிய நிழல் அவரிடம் அரிது, வண்ணம் தெளிவாகவே இருக்க உருவம் மட்டும் மென்மையாக உருண்டு வருகிறது. இளமையில் இத்தாலியில், பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியரான பியேரோ தெல்லா பிரான்செஸ்காவின் சுவரோவியங்களைக் கூர்ந்து பயின்றவர் என்பதை அங்கே காணலாம். இதே கருப்பொருளில் அவர் 1959-இல் வரைந்த, பன்னிரண்டு வயது மோனாலிசாவின் ஓவியத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1961-இல் வாங்கியது. தம் பெயரை உலகறியச் செய்த கருப்பொருளுக்கு அவர் மீண்டும் வந்திருக்கிறார் என்ற எண்ணத்தோடு பார்த்தால் இந்த ஓவியத்தின் அமைதி வேறு விதமாகத் தெரியும்.

அதன் பிறகு பிற கலைஞர்களின் 85 படைப்புகளின் பக்கம் சென்று, அதே இரண்டு கேள்விகளை வேறொரு கலைஞரிடம் கேளுங்கள்: இங்கே சிறியது எது, நிழல் எங்கே? பேக்கனிடம் உருவம் கலைகிறது. மோனேயிடம் ஒளிக்குள் கரைகிறது. இந்த ஒப்பீடுதான் முதன்முறை பார்ப்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம். புத்தக அறிவு எதுவும் இதற்குத் தேவையில்லை.

தலைப்புப் பட்டைகளில் ஸ்பானிய மொழியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஓலியோ என்றிருந்தால் எண்ணெய் வண்ணம், பிரோன்சே என்றால் வெண்கலம். ஆண்டு எண் எப்படியும் புரியும். படம் எடுப்பதாக இருந்தால் பிளாஷை அணைத்துவிடுங்கள்.

படி 6: மறுநாள் மீண்டும் செல்லுங்கள்

முதல் நாளில் ஒன்றரை மணி நேரம் போதும். மறுநாள் நேராக நீங்கள் தேர்ந்த ஐந்தில் ஒன்றிடம் மட்டும் சென்று, முந்தைய நாள் கவனிக்காத ஒன்றையாவது கண்டுபிடியுங்கள். பிறகு அதே வளாகத்தில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய நாணயச்சாலைக்கும் மிகேல் உர்ரூத்தியா கலை அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம், அவற்றுக்கும் கட்டணமில்லை. நாணயச்சாலை 1621-இல் தொடங்கியது. வங்கியின் கலைத் தொகுப்பில், 1700-க்கும் 1707-க்கும் இடையில் பொற்கொல்லர் ஹோசே தெ கலாஸ் தங்கத்தால் செய்து 1,485 மரகதங்கள் பதித்த வழிபாட்டுப் பாத்திரம் ஒன்று உள்ளது. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அது அனுப்பப்படுவதுண்டு என்பதால், வரவேற்பு மேசையில் லா லெச்சூகா என்ற அதன் பெயரைச் சொல்லி, அன்று காட்சியில் உள்ளதா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.