விட்ஸ்டபிள் ஒன்றும் காலி முகத்திடல் இல்லை

வெள்ளவத்தையிலிருந்து லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒருநாளை விட்ஸ்டபிளுக்கு ஒதுக்கலாம். கென்ட் கரையோரம் சிப்பிக்குப் பேர்போன சின்னத் துறைமுக ஊர், விக்டோரியாவில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். ஆனால் நம் ஆட்கள் காலி முகத்திடலுக்கு இஸ்ஸோ வடை சாப்பிடப் போவதுபோல, நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

கொழும்பில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. அதனால் கடலுக்கு நேரம் பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை. அங்கே நாலு மீற்றரைத் தாண்டும் நாட்கள் உண்டு. காலையில் கரையை மோதிய தண்ணீர், பிறகு வெகுதூரம் விலகிச் சேற்றைக் காட்டும். வற்று நேரத்தை முன்கூட்டியே பார்த்துப் போனால், டாங்கர்டன் பக்கம் கடலுக்குள் நீளும் 'தி ஸ்ட்ரீட்' என்ற கல்திட்டில் நடக்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். அதன் ஓரத்து நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கவே வேண்டாம். கரையும் மணல் இல்லை, கூழாங்கல். ரப்பர் செருப்பு சரிவராது.

மாதமும் முக்கியம். மே நடுவிலிருந்து ஓகஸ்ட் தொடக்கம் வரை அந்த நாட்டுச் சிப்பியைப் பிடிக்க மாட்டார்கள், அது இனம் பெருகும் காலம். கோடையில் தட்டில் வருவது 'ராக்' என்கிற பசிபிக் சிப்பி: நீண்ட, முரட்டு ஓடு. நாட்டுச் சிப்பி தட்டை, வட்டம். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். அதற்காகவே போவதென்றால் செப்டெம்பருக்குப் பிறகு, குளிரைத் தாங்கினால்.

அப்புறம் பச்சையாகச் சாப்பிடும் விஷயம். சிப்பி தண்ணீரை இழுத்து வடித்து உண்கிற உயிர், அந்தத் தண்ணீரின் கிருமியும் அதற்குள் தங்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் செத்துவிடும் என்பது நம் வீட்டுக் கதை. சாகாது. நீரிழிவு, ஈரல் வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் நன்றாக வேகவைத்ததையே கேளுங்கள், பேரப்பிள்ளை எவ்வளவு உசுப்பினாலும். மற்றவர்கள் முதல்முறை ஆறு வாங்காமல் இரண்டு வாங்கிப் பாருங்கள். அப்படியே விழுங்காமல் இரண்டு கடி கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் குடித்த கணக்குத்தான்.

முத்தைத் தேட வேண்டாம். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி வேறு குடும்பம், இது வேறு. என் மாமி கேட்டே விட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு வெற்று ஓட்டைக் கழுவிக் கொடுத்தார். இப்போது சாமியறையில் அதில்தான் திருநீறு.