ஓபரா பாடகரிடம் குரல் பயிற்சிக்குச் சேருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சேலத்தில் மேற்கத்திய முறையில் பாடக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சர்ச் கொயரில் ஆரம்பித்தவர்கள், ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் படித்தவர்கள், ஐந்தாறு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள். கீபோர்டு, கிடார் சொல்லிக்கொடுக்க அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் ஆள் கிடைத்துவிடும். ஓபரா, அதாவது வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடக மேடையில் பாடிக்கொண்டே பாடமும் எடுப்பவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆன்லைனில் ஒரு வெளிநாட்டுப் பாடகரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொயருக்குப் பியானோ வாசிக்கிறவன் என்பதால் இப்படிப்பட்ட வகுப்புகளில் நானும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். நல்ல குரல் வீணாவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, ஆசிரியரை அவருடைய குரலை வைத்துத் தேர்ந்தெடுப்பது. யூடியூபில் அவர் பாடுவதைக் கேட்டு மயங்கி அன்றைக்கே பணம் கட்டிவிடுகிறார்கள். நன்றாகப் பாடுவது ஒரு திறமை, இன்னொருவரின் தொண்டையில் என்ன நடக்கிறது என்று காதால் கண்டுபிடிப்பது வேறு திறமை. 19-ஆம் நூற்றாண்டின் பெரிய குரல் ஆசிரியர்களில் ஒருவரான மானுவல் கார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதில், 1825-இல், அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய்ப் பாடினார், குரல் தாங்கவில்லை, சில வருடங்களில் மேடையையே விட்டுவிட்டார். ஆனால் 1841-இல் குரல் நைந்துபோய் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் அவரைத் தேடி வந்தபோது, எடுத்த எடுப்பில் பாடம் நடத்தாமல் பல வாரம் குரலுக்கு முழு ஓய்வு கொடுக்கச் சொன்னார், அப்புறம்தான் பாடத்தையே தொடங்கினார். லிண்ட் அதன்பிறகுதான் ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கினார்.

மேடையில் இருப்பவரிடம் கற்பதால் லாபம் இல்லை என்று சொல்லவில்லை. இத்தாலிய, ஜெர்மன் உச்சரிப்பு, ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே குரல் எப்படிப் போய்ச் சேருகிறது, மூன்று மணி நேரம் பாடி முடித்த பிறகும் குரல் எப்படி மிஞ்சுகிறது, இதெல்லாம் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். மும்பையில் பிறந்த சோப்ரானோ (பெண் குரலில் மிக உயர்ந்த வகை) பட்ரிசியா ரொஸாரியோ மாதிரி இரண்டையும் முழு மனதோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதெல்லாம், ஆசிரியர் பாடுவதைக் கேட்கும் முன் அவருடைய மாணவர்கள் இரண்டு பேராவது பாடுவதைக் கேளுங்கள் என்பதுதான். எல்லாரும் அவரைப் போலவே பாடுகிறார்களா, ஆளுக்கொரு குரல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஒலித்தால் எனக்குப் பயம்தான்.

அடுத்தது, அவருடைய சத்தத்தைப் பிடிக்கப் பார்ப்பது. இதில்தான் அதிகம் பேர் கெட்டுப்போகிறார்கள். மைக் இல்லாமல் ஓபரா பாடகர் கடைசி வரிசைவரை கேட்பது கத்துவதால் இல்லை. ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் பக்கம், ஆர்கெஸ்ட்ராவின் ஒலி குறைந்தும் நம் காது கூர்மையாகவும் இருக்கிற இடத்தில், அவர் குரலில் ஒரு கணீர் இருக்கும். பல வருடப் பழக்கத்தில் வருவது அது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணீர் காதில் விழுவதில்லை, சத்தம் மட்டும்தான் விழுகிறது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை முட்டித் தள்ளுகிறது. மோட்சார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ ஓபராவில் வரும் இரவு ராணிப் பாட்டை மூன்றாம் மாதமே கேட்டு அடம்பிடிப்பதும் இந்த வகைதான். அதன் உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 1,400 முறை அதிரவேண்டும். ஆசிரியர் உதட்டைப் பர்ர்ர் என்று துடிக்கவிட்டு ஐந்து ஸ்வரம் மட்டும் ஏறி இறங்கச் சொன்னால், ‘இதற்கா இவ்வளவு கட்டணம்’ என்று நினைக்காதீர்கள், உண்மையான பாடம் அதுதான்.

பாடி முடித்தபின் களைப்பு வரலாம், வலி வரக்கூடாது. குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் போனால் பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று நாளைக் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், பாடுகிறவர் என்று முதலிலேயே சொல்லி, கேமரா வைத்துக் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப் வழியாக எந்த ஆசிரியரும் குரல்நாணில் காய்ப்பு இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, பயிற்சி முகாமுக்கென்று ஏற்காடு போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வழியில் வாந்தியும் எடுத்துவிட்டு, இறங்கியதும் பாட நிற்காதீர்கள். வயிற்று அமிலம் பட்ட தொண்டை புண்ணாகியிருக்கும். முந்தின ராத்திரி காரச் சட்னி வழிய தட்டுவடை செட்டை வெளுத்துக்கட்டிவிட்டு உடனே படுப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

கர்நாடக சங்கீதம் கற்றதை மறைப்பது இன்னொரு தவறு. சூரமங்கலத்துப் பெண் ஒருத்தி அதைச் சொல்லாமலே சேர்ந்தாள். ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தின் முடிவிலும் அவள் குரல் தானாக ஒரு வளைவு போட, ஆசிரியருக்கு அவள் ஏன் ஸ்வரத்தில் நிற்கவில்லை என்றே புரியவில்லை. அவள் வீட்டில் பாடும் சுருதியைச் சொன்னதும், அதாவது ஐந்து கட்டை, அவர் கணக்கில் ‘ஜி’, அவர் பியானோவில் அங்கிருந்தே தொடங்கினார், அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. பழையதை விட்டுவிடத் தேவையில்லை. இரண்டு சாதகத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள், போதும். அதேபோல முதல் வகுப்பிலேயே ‘நான் சோப்ரானோவா, (அதைவிடத் தாழ்ந்த) ஆல்ட்டோவா’ என்று முத்திரை கேட்காதீர்கள். வளரும் வயதில் அது மாறும், ஆண்பிள்ளைகளுக்கு முழுசாகவே மாறும்.

ஆன்லைன் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் வகுப்பையே கெடுத்துவிடும். சேலத்து வெயிலுக்கு ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், ஜூம் அந்த இரைச்சலை வெட்டப் பார்க்கும். நீங்கள் இழுக்கிற நீண்ட ‘ஆ’வும் அதற்கு இரைச்சல்தான், அதையும் சேர்த்து வெட்டிவிடும். நீங்கள் முழுசாகப் பாடியிருப்பீர்கள், அவருக்குத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கும், ‘மூச்சு போதவில்லை’ என்று பயிற்சி கொடுப்பார். ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைப் போட்டுவிட்டு, அந்த நேரம் ஃபேனை நிறுத்துங்கள். அவர் அங்கே பியானோ வாசிக்க நீங்கள் இங்கே சேர்ந்து பாடவும் முடியாது, தாமதம் விடாது. பியானோவைப் பதிவு செய்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரமும் பணமும். அவருக்கு முதல் வேலை மேடை. முதல் காட்சி நெருங்கும்போது ஒத்திகை கூடும், வகுப்பு தள்ளிப்போகும், காட்சி நாளில் குரலைக் காப்பாற்றப் பேசவே மாட்டார்கள் சிலர். அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் உண்டு. எந்தெந்த வாரம் வரமாட்டார், ரத்தானால் பணமா, வேறு நாளா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். முழு வருடத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ஜெர்மனிக்காரர் என்றால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், நமக்கும் அவர்களுக்கும் உள்ள நாலரை மணி வித்தியாசம் மூன்றரையாகும், மறுபடி நாலரையாகும். அந்த வாரம் நேரத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.